ராயப்பனுக்கு மகன் இல்லை

போனில் நீ கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். உனக்கு ஷிப்ட் ஆரம்பிக்கிற நேரமும் எனக்குக் கோபம் ஆரம்பிக்கிற நேரமும் ஒன்றாக வந்துவிட்டதால் வைத்துவிட்டேன். இப்போது கோபம் இல்லை. உன் அம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "எழுதறதுன்னா புள்ளைக்கு எழுதற மாதிரி எழுது. தாலுக்கா ஆபீசுக்கு மனு எழுதற மாதிரி மேற்படி மேற்படின்னு போடாத" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். முப்பது வருஷம் கிராம உதவியாளராக இருந்து ரிட்டயர் ஆனவனுக்கு வேறு நடை வருமா என்று தெரியவில்லை, பார்ப்போம். இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பப் போவதில்லை. கம்பெனி உன்னைப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிற புனே ஹாஸ்டலுக்குத் தபாலில்தான் வரும். நீ கையில் பிடித்து, உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

"அத்தை பேர எதுக்குப்பா சேக்கணும்? அவங்களே ஒண்ணும் கேக்கல. சேத்தா மனைல பாதி போயிடும். நான் வூடு கட்டப் போட்ட பிளான் இன்னா ஆவறது?" இதுதான் நீ கேட்டது. அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருக்கிறவன் கேட்கக்கூடிய கேள்விதான். அதற்காக உன்னைத் திட்ட நான் பேனாவை எடுக்கவில்லை. உன்னைவிட மோசமாக இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு, அதற்குத் தப்பான பதிலை அரசாங்கத் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டவன் உன் அப்பன். அந்தக் கதையை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. பாதி மனை போகிறதே என்று கணக்குப் போடுவதற்கு முன் அதைக் கேட்டுக்கொள்.

ஏழு வீட்டு மனை என்றால் குடோன் காம்பவுண்டுக்குப் பக்கத்தில் லாரிகள் நிற்கிற பொட்டல்தான் உனக்கு ஞாபகம் வரும். நீ வளர்ந்ததே ஒரகடம் ரோடு அகலமான பிறகுதானே. ஏரிக்கு மேற்கே வெறும் முள்ளுக்காடாக இருந்த இடத்தை வெட்டிச் சுத்தம் செய்து முதன்முதலில் குடியேறியவர்கள் ஏழு குடும்பம். வெள்ளைக்காரன் காலத்தில் நிலத்தை அளந்தபோது ஏழு பேர் பெயரையும் ஒரே பட்டாவில் எழுதி வைத்துவிட்டார்கள். பிறகு வீடுகள் மேட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டன. மனை மட்டும் யாரும் விற்க முடியாமல், யாரும் கட்டவும் முடியாமல் கூட்டுப் பட்டாவாகவே கிடந்தது. இப்போதுதான் அதை ஏழாகப் பிரித்துத் தனித்தனிப் பட்டா தர தாலுக்கா ஆபீசில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை. அந்த ஏழு பேரில் ஒருவரிடமிருந்து இன்றைக்கு இருப்பவர்கள் வரைக்கும், நடுவில் ஒரு தலைமுறைகூட விட்டுப்போகாமல், பதிவேடுகளை வைத்து வம்சத்தை நிரூபிக்க வேண்டும். வாரிசு இல்லாமல் போன பெயர் ஏதாவது இருந்தால் அந்தப் பங்கு மற்ற ஆறு பேருக்குப் போய்விடும்.

ஏழில் முதல் பெயர் ராயப்பன். நாம் அவர் வம்சம். இதை நான் உனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. மாதா கோவில் திருவிழாவில் சப்பரத்தின் முன் தண்டுக்கு ஏழு வீட்டுக்காரர்கள்தான் முதல் தோள் கொடுக்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். அதில் வலது ஓரம் எனக்கு. போன திருவிழாவுக்கு முந்தின திருவிழாவில் இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கி வேலை செய்கிற திருநெல்வேலிக்காரர் ஒருவர் பக்தியோடு அந்தத் தண்டில் தோள் வைத்தார். "இது இந்த ஊருக்கு மொத மொத வந்தவங்க எடம். நேத்து வந்தவங்க எல்லாம் பின்னாடி போங்க" என்று அவர் கையை எடுத்துவிட்டேன். அந்த மனிதர் பின்னால் போய் நின்றார். நீ அப்போது என் பக்கத்தில் இருந்தாய். என்னை ஒரு பார்வை பார்த்தாய். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதால் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மனையைப் பிரிக்க மனு போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, தேவராஜ் ஆட்சேபணை கொடுத்துவிட்டான். ஃபேக்டரிகளுக்கு ஆள் அனுப்புகிற கான்ட்ராக்டர் தேவராஜ்தான், உனக்குத் தெரியும். அவனும் ஏழு வீட்டில் ஒரு வீடு. அவன் எழுதியிருந்தது ஒரே வரி: ராயப்பனுக்கு மகன் இல்லை, அவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தவர், ஆகவே அவர் பங்கு ஆறாகப் பிரிய வேண்டும். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டீக்கடையில் நின்றுகொண்டு, "எங்க பாட்டன் பூட்டன் யாருன்னு எனக்குத் தெரியாதா? அவனுக்கு எவன் சொன்னது?" என்று ஊர் கேட்கக் கத்தினேன். உன் அம்மா, "கத்தறதால ராயப்பனுக்குப் புள்ள பொறந்துடுமா, போயி ரெக்கார்டு தேடு" என்றாள்.

தேடுவது எனக்குப் புது வேலையா? ஊரில் பாதிப் பேருக்கு வாரிசுச் சான்று விசாரணைக்கு அலைந்தவன் நான். எந்தப் பதிவேடு எந்தப் பீரோவில் கிடக்கும், எந்தப் பக்கத்தைக் கரையான் தின்றது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். எனக்கும் என் அப்பாவுக்கும் பிறப்புப் பதிவு இருந்தது. அப்பாவிலிருந்து தாத்தாவுக்கு ஒரு பழைய பத்திரம் கிடைத்தது. தாத்தாவிலிருந்து அவருடைய அப்பா சூசைவரைக்கும் கோவிலின் அடக்கப் பதிவேட்டில் தெளிவாக இருந்தது. சூசையிலிருந்து ராயப்பனுக்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு நிலவரி ரசீது. அதில் ராயப்பன் மகன் சூசை என்று எழுதியிருந்தது. வெற்றி என்று நினைத்துக்கொண்டு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். தாசில்தார் ஒரு பெண்மணி, நிதானமானவர். "ரசீது எழுதுனவரு யாரு பேர வேணா எழுதியிருப்பாருங்க. சூசையோட ஞானஸ்நானப் பதிவு கொண்டு வாங்க, அது போதும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பழைய பங்குக் கோவிலில் இப்போது இருக்கிற ஃபாதர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், உன் வயசுதான் இருக்கும். லத்தீனில் எழுதிய அந்தப் பழைய பதிவேடுகளை மூன்று நாள் காலைப் பூசை முடிந்ததும் உட்கார்ந்து எனக்காகப் புரட்டினார். ராயப்பன் பிள்ளைகள் என்று தேடினால் ஒரே ஒரு ஞானஸ்நானம்தான் இருந்தது. பெண் குழந்தை, பெயர் அன்னம்மாள். சூசை எங்குமே இல்லை. மூன்றாம் நாள் அவர் வேறொரு புத்தகத்தை எடுத்து வந்து ஒரு வரியில் விரலை வைத்தார். "அண்ணே, நீங்க தேடுனவரு ஞானஸ்நானப் புஸ்தகத்துல இல்ல, கல்யாணப் புஸ்தகத்துல இருக்காரு. ஆனா நீங்க நெனச்ச மாதிரி இல்ல, பாத்துக்கிடுங்க" என்றார். மணமகன் சூசை, வந்தவாசிப் பக்கத்து ஊர், தகப்பன் பெயர் சவரிமுத்து. மணமகள் அன்னம்மாள், இந்த ஊர், ராயப்பன் மகள்.

தேவராஜ் சொன்னது சரி. ராயப்பனுக்கு மகன் இல்லை. நம் சூசை பிழைப்புத் தேடி வந்த வெளியூர்க்காரர், ராயப்பன் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊர் நக்கல் அடித்திருக்கும். பொறுக்க முடியாமல் வரி கட்டப் போகிற இடத்தில் மாமனார் பெயரையே அப்பன் பெயராகச் சொல்லியிருப்பார். எழுதுகிறவனும் எழுதியிருப்பான். எத்தனை பேருக்கு அப்படி எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். அவர் வெட்கத்துக்காக அன்னம்மாள் நம் வம்சத்திலிருந்தே காணாமல் போய்விட்டாள். நம் வீட்டில் அந்தப் பெயரை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? நானும் கேட்டதில்லை. சப்பரத் தண்டிலிருந்து நான் எடுத்துவிட்ட அந்தத் திருநெல்வேலிக்காரரின் கை ஞாபகம் வந்தது. அதன் பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகன் இல்லாவிட்டால் என்ன, மகள் இருக்கிறாளே. ரசீதைவிட இது நூறு மடங்கு உறுதியான ஆதாரம். சான்றிட்ட நகல் வாங்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தித்தான் வெளியே வந்தேன்.

முதல் விசாரணை நடந்தது போன மாதம். தாசில்தார் நகலைப் படித்துவிட்டு, "மகள் வழி வாரிசும் வாரிசுதான். இதுல எனக்குச் சந்தேகம் இல்ல" என்றார். நான் தேவராஜைத் திரும்பிப் பார்த்தேன், கொஞ்சம் இளக்காரமாகவே. அவன் அவசரப்படாமல் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தான். "மேடம், இன்னிக்கு இவரு பொண்ணு வழி பேசறாரு. இவரு அப்பா செத்தப்போ இவரே எழுதி வாங்குன வாரிசுச் சான்று இது. கூடப் பொறந்த தங்கச்சி வாலாஜாபாத்துல உசுரோட கீது. அதும் பேரு இதுல இல்ல. இவரு வூட்டுப் பொண்ணு வாரிசு கெடையாதாம், ராயப்பன் வூட்டுப் பொண்ணு மட்டும் வாரிசாம். இன்னா நாயம் மேடம் இது?" என்றான். தாசில்தார் என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் அந்த ஆபீஸ் வராந்தாவில் நடந்திருக்கிறேன். அன்றைக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

அந்தத் தாள் பொய் இல்லை. உன் தாத்தா இறந்தபோது நீ குழந்தை. விசாரணைக்கு வர வேண்டிய வி.ஏ.ஓ. என்னை நம்பி, "நீயே எழுதிக் கொண்டாய்யா, கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். என் அம்மா முன்பே போய்விட்டதால் பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான், நானும் உன் செலின் அத்தையும். அவளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, அவள் பெயரைச் சேர்த்தால் நாளைக்கு வீட்டை விற்க அவள் புருஷன் கையெழுத்து வரைக்கும் அலைய வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேற்படி இறந்தவருக்கு என்னைத் தவிர வேறு வாரிசு யாரும் இல்லை என்று என் கையால் எழுதினேன். ஊரில் எத்தனையோ அண்ணன் தம்பிகள் இப்படி எழுதச் சொல்லி வந்து நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். யாரையும் ஏமாற்றுகிறோம் என்று தோன்றவே இல்லை. அதுதான் இதில் அசிங்கமான விஷயம். சூசையின் பொய்யிலாவது ஒரு அவமானம் இருந்தது. எனக்கு அதுகூட இல்லை, சௌகரியம் மட்டும்தான்.

தாசில்தார் இரண்டு வாரம் வாய்தா கொடுத்தார். அடுத்த நாளே வாலாஜாபாத் பஸ் ஏறினேன். உன் அத்தை ஒரகடத்தில் பெண்கள் தங்குகிற ஒரு ஹாஸ்டலில் சமையல் பார்க்கிறாளே, மதியம் வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். "இன்னாணா திடீர்னு? பண்டிகை கூட இல்லியே" என்றாள். நான் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "தெரியும்ணா. என் பெரியவன் ஸ்கூல் சர்டிபிகேட்டுக்கு அலையறப்போ ஆபீஸ்ல காட்டுனாங்க. யாரும் இல்லன்னு எழுதியிருந்த" என்றாள். பெரியவன் பள்ளிக்கூடம் சேர்ந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்துப் பார். அத்தனை வருஷமும் உன் பிறந்த நாளுக்கு வந்திருக்கிறாள், எனக்கு ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்திருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. "அழுவாத, வெங்காயம் நான்தான உரிக்கறேன்" என்றாள். பிறகு சொன்னாள்: "நான் வரேன். ஆனா சாட்சிக்கு வந்தவ மாதிரி ஓரமா நிக்க மாட்டேன். அந்த வம்சாவளியில என் பேரு உன் பேருக்குப் பக்கத்துல வரணும். அடில சின்னதா எழுதற வேலை வேணாம்."

நீ போனில் அவங்களே கேட்கவில்லை என்றாய். கேட்டிருக்கிறாள், பார்.

இரண்டாவது விசாரணை போன வெள்ளிக்கிழமை. தாசில்தார் எனக்கு முதலில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். நீங்க அன்னிக்குக் கொடுத்த வாக்குமூலம் பொய்னு இன்னிக்குப் பதிவு பண்ணா, அரசு ஊழியரா இருந்து செஞ்சதுக்கு நடவடிக்கை வரலாம், பென்ஷன்ல கை வைக்கலாம், யோசிச்சுச் சொல்லுங்க என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். தேவராஜ் நான் பின்வாங்குவேன் என்றே நினைத்திருப்பான். நான் யோசிக்கவில்லை. "இவ என் கூடப் பொறந்த தங்கச்சி செலின். எங்க அப்பாவுக்கு நாங்க ரெண்டு பேரு வாரிசு. அன்னிக்கு நான் எழுதுனது பொய், தெரிஞ்சேதான் எழுதுனேன்" என்றேன். எழுத்தர் டைப் செய்தார். ரெண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பென்ஷனில் கை வைத்தால் வைக்கட்டும். உன் அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன், அவள், "இத்தினி நாளா உன் பென்ஷனா நமக்குச் சோறு போட்டுது" என்று சொல்லிவிட்டாள். நமக்குச் சாதகமாகத்தான் உத்தரவு வரும் என்று எனக்கு நூற்றுக்கு நூறு நம்பிக்கை இருக்கிறது. ராயப்பன், அன்னம்மாள், சூசை, தாத்தா, அப்பா என்று ஒவ்வொரு படிக்கும் இப்போது ஒரு தாள் இருக்கிறது. தேவராஜின் வக்கீலே படித்துவிட்டு மூடி வைத்துவிட்டார்.

நான் வம்சாவளியைப் புதிதாக எழுதிவிட்டேன். என் கையெழுத்தும் அத்தை கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. குடும்பத்தில் மேஜரான எல்லோரும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டுமாம், மாதக் கடைசிக்குள். அத்தையின் இரண்டு பிள்ளைகளும் போட்டுவிட்டார்கள். பாக்கி இருப்பது உன் கட்டம் ஒன்றுதான். அது காலியாக இருந்தால் மொத்த மனுவும் நிற்கும், அதை வைத்து நீ என்னை மிரட்டலாம் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். மனை கிடைத்தால் அதில் பாதி அவளுடையது. கிடைக்காமல் போனால், கிடைக்காத மனையிலும் பாதி அவளுடையதுதான். பாதி இடத்தில் வீடு கட்ட முடியாது என்று உனக்கு எந்த இன்ஜினியர் சொன்னான்? மாடி எடு. உன் மாமனாரிடம் நானே பேசிக்கொள்கிறேன். இதில் என்னிடம் வாதாட வராதே, தோற்றுப் போவாய்.

ஒன்றை மட்டும் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். விசாரணை முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு தாசில்தார் அவளைப் பார்த்து, சும்மா பேச்சுக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். "தெரிஞ்சும் இத்தனை வருஷம் ஏம்மா நீங்க ஒரு மனுகூடக் கொடுக்கல?" உன் அத்தை முந்தானையைச் சரி செய்துகொண்டு, யோசிக்காமல், ஏதோ பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். "கேட்டா அண்ணன் வூட்டுக்குப் போவ முடியாதே மேடம். பண்டிகைக்கு வந்துபோவ ஒரு வூடு வேணும்ல." தேவராஜ்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது கேட்காமல் இருந்து நம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். இப்போது கேட்டுவிட்டாள். இனியும் அவள் வந்து போவதற்கு நம்மிடம் ஒரு வீடு இருக்கிறதா, மகனே? எனக்கு அடுத்து அந்த வீட்டில் இருக்கப் போகிறவன் நீ. நீதான் சொல்ல வேண்டும்.

உன் அப்பா